கீரை கவசம் ஆகாது

கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் முதலில் வரும் கேள்வி, "என்ன சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு?" என்பதுதான். எத்தனை வருஷம் சுரங்கத்தில் இறங்கினார், பாறையில் துளை போடும் வேலையா, வாயில் புகையிலை அடக்குவாரா, வீடு சுரங்கக் கழிவான சயனைடு மேட்டுக்கு எந்தப் பக்கம் என்ற கேள்விகள் அப்புறம் வருகின்றன. பல நேரம் வருவதே இல்லை. "நம்ம தாத்தாங்க கேவுரு களியும் கீரையும் தின்னாங்க, எந்த நோயும் அண்டல. இப்பப் பரோட்டாவும் பிராய்லரும் திங்கறோம், வராம என்ன பண்ணும்?" என்று யாராவது சொல்வார்கள். சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சில வருஷங்களாக இந்தப் பேச்சுக்கு அறிவியல் சட்டையும் மாட்டிவிட்டார்கள். ஃபிளேவனாய்டு என்ற சொல் வந்து சேர்ந்திருக்கிறது. கீரை, வெங்காயம், நாவற்பழம், கேழ்வரகு, தேயிலை ஆகியவற்றில் இருக்கும் இந்தப் பொருள்கள் புற்றுச் செல்களைக் கொல்வதை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துவிட்டார்கள், ஆகவே சரியாகச் சாப்பிடுகிறவருக்குப் புற்றுநோய் வராது என்கிறார்கள். பத்திரிகையின் நலவாழ்வுப் பக்கம், யூடியூப் வைத்தியர், வாட்ஸ்அப் செய்தி, பொடியும் மாவும் விற்பவர் என எல்லோரும் சொல்வது ஒன்றேதான்.

இந்தக் கருத்து தவறு. நல்ல சாப்பாட்டை உயர்த்திச் சொல்லும் சின்ன மிகை என்று இதை விட்டுவிட முடியாது. தங்கவயல் போன்ற ஊரில் அது நோயின் காரணத்தையே மறைக்கிறது. தூசியின் மேலும் புகையிலையின் மேலும் விழ வேண்டிய பழியைச் சமையலறையின் மேல் தள்ளிவிடுகிறது.

முதலில் எதிர்த்தரப்பு சொல்வதில் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடலாம். ஃபிளேவனாய்டுகள் செடிகொடிகள் தங்களுக்காக உண்டாக்கிக்கொள்ளும் பொருள்கள். கடும் வெயிலிலிருந்தும் பூச்சி, பூஞ்சைகளிலிருந்தும் அவை செடியைக் காக்கின்றன. பூவுக்கும் பழத்துக்கும் நிறம் தருகின்றன. ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. வெங்காயத்தில் குவெர்செடின், முருங்கைக்கீரையில் அதோடு கேம்ஃபெரால், சாத்துக்குடியில் ஹெஸ்பெரிடின், தேயிலையில் கேட்டச்சின், சோயாவில் ஜெனிஸ்டீன். நாவற்பழத்தின் கருநீலம் ஆந்தோசயனின். கோலார் மண்டியிலிருந்து லாரி லாரியாகப் போகிறதே தக்காளி, அதன் தோலில் நாரிஞ்செனின் இருக்கிறது. கேழ்வரகில் இந்த வகைப் பொருள்கள் பெரும்பாலும் அந்தச் செம்பழுப்புத் தோலில்தான் உள்ளன. மாவைச் சன்னச் சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கோழிக்குப் போட்டால் அவையும் கோழிக்குத்தான் போகும். வெங்காயத்திலும் வெளியடுக்குகளில்தான் குவெர்செடின் அதிகம். தாராளமாக உரித்து எறிவது அதைத்தான். வேகவைத்தால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், ரசமாகக் குடித்தால் வீணாகாது. இத்தனையும் உண்மை. இவற்றைச் சாப்பிட வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

இந்தப் பொருள்களின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பது இது முதல் முறையும் இல்லை. வைட்டமின் சி பற்றிய ஆராய்ச்சிக்காக 1937-ல் நோபல் பரிசு வாங்கிய ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் அவருடைய குழுவினரும், அதற்கு முந்தைய ஆண்டுதான் எலுமிச்சையிலும் மிளகாய் வகையிலும் கிடைத்த ஃபிளேவனாய்டுகளுக்கு 'வைட்டமின் பி' என்று பெயர் வைத்தார்கள். இட்லி தோசையில் பேசப்படும் பி வேறு; இது ஆங்கில அகரவரிசையின் பதினாறாவது எழுத்து. மெல்லிய ரத்தக் குழாய்களின் கசிவைத் தடுக்க இது இன்றியமையாதது என்று நம்பினார்கள். உடலுக்கு இது இல்லாமல் குறைநோய் எதுவும் வருவதாகக் காட்ட முடியவில்லை. 1950-வாக்கில் வைட்டமின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் கிடந்தது, 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்ற புதுப் பட்டத்தோடு திரும்பி வந்தது.

இனி அந்த ஆய்வுக்கூட நிரூபணத்துக்கு வருவோம். கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் குவெர்செடின் கரைசலை ஊற்றினால் செல்கள் சாகின்றன. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஊற்றுகிற அளவைப் பாருங்கள். நிறைய வெங்காயம் போட்ட சாப்பாடு சாப்பிட்டபின் ஒருவருடைய ரத்தத்தில் குவெர்செடின் பொதுவாக லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலுக்கும் குறைவாகவே ஏறுகிறது. தட்டில் ஊற்றுவது பெரும்பாலும் பத்திலிருந்து நூறு மைக்ரோமோல் வரை. அதாவது பத்து மடங்கு, நூறு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல். அது மட்டுமா? ரத்தத்தில் ஏறுவது வெங்காயத்தில் இருந்த அதே பொருளாகவும் இருப்பதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் அதை ஓர் அந்நியப் பொருளாகவே நடத்துகின்றன. சல்ஃபேட்டும் குளுக்குரோனிக் அமிலமும் ஒட்டி, கரையும்படி மாற்றி, சிறுநீரிலும் பித்தத்திலும் வெளியே அனுப்பிவிடுகின்றன. தட்டில் செல்லைக் கொன்ற பொருள் வேறு, உடம்பில் ஓடுகிற பொருள் வேறு. உப்புக் கரைசலைக் கெட்டியாக ஊற்றினாலும் தட்டில் இருக்கும் செல் சாகும். அதற்காக உப்பு புற்றைத் தடுக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

பழம் சாப்பிட்டதும் ரத்தத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் உயர்வதை அளந்து காட்டியிருக்கிறார்களே என்பார்கள். உயர்கிறதுதான். அமெரிக்காவின் லைனஸ் பாலிங் நிறுவனத்தைச் சேர்ந்த லொட்டிட்டோவும் ஃப்ரையும் அதைத் துருவிப் பார்த்து 2006-ல் எழுதினார்கள். பழத்தின் சர்க்கரையான ஃபிரக்டோஸ் உடம்பில் யூரிக் அமிலத்தைக் கூட்டுகிறது, அந்த உயர்வின் பெரும்பகுதி அதனால்தான் என்று கண்டார்கள். ஃபிளேவனாய்டின் பங்கு அற்பம். எந்த உணவுக்கு எத்தனை ஆக்சிஜனேற்றத் தடுப்புப் புள்ளி என்று அமெரிக்க வேளாண் துறை ஒரு பெரிய பட்டியலைப் போட்டு வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பில்லை, விற்பனைக்காரர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-ல் அதை எடுத்துவிட்டது. எடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள், நம்மூர் டப்பாக்களில் அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

தட்டையும் ரத்தத்தையும் விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தால்? அமெரிக்காவில் 38,408 பெண்களைச் சராசரியாகப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2009-ல் வந்தது. குவெர்செடின், கேம்ஃபெரால் உள்ளிட்ட ஃபிளேவனாய்டுகளை அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் புற்றுநோயில் வித்தியாசம் தெரியவில்லை. வேறு சில ஆய்வுகள் கொஞ்சம் நன்மையைக் காட்டுகின்றன. ஃபின்லாந்தில் நுரையீரல் புற்று, ஐரோப்பியப் பெண்களிடம் வயிற்றுப் புற்று. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிளும் வெங்காயமும் அதிகம் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகக் குறைவாகப் புகைப்பவர்கள், அதிகம் சம்பாதிப்பவர்கள், சீக்கிரம் டாக்டரிடம் போகிறவர்கள். நன்மை ஆப்பிளிலிருந்து வந்ததா, ஆப்பிள் வாங்க முடிந்த வாழ்க்கையிலிருந்து வந்ததா என்பதை வெறுமனே கவனித்துப் பார்க்கும் ஆய்வால் முழுக்கப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல ஒரு வழிதான் உண்டு. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு அந்தப் பொருளையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையையும் கொடுக்க வேண்டும். காஸ்மாஸ் என்ற அமெரிக்கச் சோதனையில் 21,442 பேரை வைத்து அதைச் செய்தார்கள். கோகோவிலிருந்து எடுத்த ஃபிளேவனால் தினம் 500 மில்லிகிராம், மூன்றரை ஆண்டுக்கு மேல். 2022-ல் வெளியான முடிவு: புற்றுநோய் குறையவில்லை. காலம் போதாது என்று ஒருவர் வாதாடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 'நிரூபித்துவிட்டார்கள்' என்ற சொல்லுக்கு அதன்பின் இடமில்லை.

காய்கறியில் நல்லதாக இருப்பதைத் தனியே பிரித்து மாத்திரையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் ஒன்று உண்டு. கேரட்டின் பீட்டா கரோட்டின் ஃபிளேவனாய்டு இல்லை, ஆனால் அதற்கும் இதே புகழ்தான் பாடினார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு சோதித்தார்கள். 1994-ல் வந்த முடிவின்படி பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் கல்நார்த் தூசியில் வேலை பார்த்தவர்களையும் சேர்த்து நடந்த இன்னொரு சோதனையில் 28 விழுக்காடு கூடியது. 1996-ல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். கல்நார்த் தூசி என்ற சொல்லில் தங்கவயல்காரர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏற்கெனவே தூசியாலும் புகையாலும் கெட்டுப்போன நுரையீரலுக்குச் 'சத்து' கொடுத்தபோதுதான் இது நடந்தது.

தூசிக்கு வந்துவிட்டோம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

தங்கவயலின் தங்கம் ஆற்று மணலில் அள்ளியது இல்லை. படிகக்கல் நரம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக இருந்தது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று எல்லாச் சுரங்கத்திலும் நடந்த வேலை ஒன்றுதான்: அந்தப் படிகக்கல்லைத் துளைப்பது, வெடி வைத்து உடைப்பது, மேலே ஏற்றி மாவாக அரைப்பது. படிகக்கல் என்பது சிலிக்கா. துளைபோடும் இயந்திரத்தின் முனையிலிருந்து பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரிவது அத்தனை ஆபத்தில்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் சிறிதான தூள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்காருகிறது. உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கிய செல் செரிக்க முடியாமல் வெடித்துச் சாகிறது. அதன் உள்ளே இருந்த நொதிகள் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்குகின்றன. தூள் அப்படியே கிடக்கும். அடுத்த செல் வந்து அதை விழுங்கும். புண் ஆறித் தழும்பாகும், தழும்புகள் சேர்ந்து முடிச்சாகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில் தொடங்கி, படுக்கையில் திரும்பிப் படுத்தாலே மூச்சு வாங்குவதில் போய் நிற்கும். அதுதான் சிலிகோசிஸ். காசநோய் அதன் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய முதல் பெரிய ஆய்வு 1940-களில் நடந்த இடம் எது தெரியுமா? இதே தங்கவயல். பரிசோதித்த ஏழாயிரத்து அறுநூறுக்கும் அதிகமான தொழிலாளர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் அந்த நோய் இருந்தது. அந்த ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள்? கேழ்வரகுக் களி, கீரை, கொள்ளு, பச்சை மிளகாய், வெங்காயம். பரோட்டா வராத காலம். பிராய்லர் பிறக்காத காலம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் கூலிக்கு வந்து, வரிசை வீடுகளில் குடியேறிய நம் தாத்தாக்கள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். அவர்கள் தட்டில் இருந்ததைத்தான் இன்றைக்குக் 'கவச உணவு' என்கிறார்கள். அந்தக் கவசம் ஒரு துகளைக்கூடத் தடுக்கவில்லை.

மூச்சில் போகும் படிகச் சிலிக்கா மனிதருக்கு நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் உறுதி செய்து, முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே வகுப்பு. புகைபிடிக்கிறவர் சிலிக்காவையும் மூச்சில் இழுத்தால் ஆபத்து இன்னும் கூடும். இதற்கு எதிராக ஃபிளேவனாய்டுக்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: சிலிக்கா கொடுத்த எலிகளுக்குக் குவெர்செடின் கொடுத்தபோது வீக்கம் குறைந்ததே என்று. எலியில் குறைந்திருக்கலாம். அடுப்பில் கொள்ளி எரிந்துகொண்டே இருக்கும்போது மேலே பொங்குகிற பாலில் தண்ணீர் தெளிப்பது போன்ற வேலை அது. துகள் கரைவதில்லை. கீரைக்கும் கரையாது, மருந்துக்கும் கரையாது. உள்ளே போனால் போனதுதான். அதனால் உள்ளே போகாமல் தடுப்பது ஒன்றே வழி: துளையிடும்போது தண்ணீர் பீய்ச்சுவது, காற்றோட்டம், முகமூடி, வேலை நேரத்தைக் குறைப்பது. இந்த நான்கும் முதலாளியின் கடமை. தொழிலாளியின் மனைவி அடுப்படியில் செய்யக்கூடியது இதில் ஒன்றுமில்லை.

தாத்தாக்களுக்குப் புற்றே வரவில்லை என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வயதை ஒட்டி இருந்தது. புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியபின் வருவது. அந்த வயதுக்கு முன்பே காலராவும் காசமும் பாறை வெடிப்பும் ஆட்களைக் கொண்டுபோய்விட்டன. பிழைத்துக் கிடந்தவர் இருமி ரத்தம் கக்கிச் செத்தால் 'காசம்' என்று எழுதினார்கள். சதையை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வசதி எத்தனை இடங்களில் இருந்தது? கண்டுபிடிக்காத நோயை வராத நோய் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அடுத்தது வாய். கோலார் மாவட்டத்தில் வாய்ப்புற்று அதிகம், அதிலும் பெண்களிடம் அதிகம் என்பதை இங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பல வருஷங்களாக எழுதி வருகிறார்கள். காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலைத் துண்டைச் சேர்த்து உருட்டிக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒதுக்கி வைப்பார்கள். பகலில் மென்று துப்புவது ஒரு விதம். இரவில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவது இன்னொரு விதம். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம், ஒரே இடத்துச் சதையில். காலையில் அந்த இடம் தொளதொளவென்று வெளுத்திருக்கும். சில வருஷத்தில் அந்த வெளுப்பு நிரந்தரமாகும். காரம் பட்டால் எரியும், வாய் முழுசாகத் திறக்காது, பிறகு ஆறாத புண். இதே பெண்கள்தான் வீட்டில் கீரையை ஆய்கிறவர்கள், மற்றவர்களுக்குப் போட்டு மீதியைத் தாங்கள் சாப்பிடுகிறவர்கள். ஃபிளேவனாய்டு கணக்குப்படி தங்கவயலிலேயே பத்திரமாக இருந்திருக்க வேண்டியவர்கள். இந்தியாவின் புற்றுநோய்ச் சுமையில் 27 விழுக்காடு புகையிலையோடு தொடர்புள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்பதும் 2004-லிருந்து தீர்ந்துபோன விஷயம்.

புகைக்கும் குடிக்கும் மட்டுமாவது ஃபிளேவனாய்டு ஈடு கட்டும் என்கிறார்களே? 2019-ல் டென்மார்க்கிலிருந்து வந்த பெரிய ஆய்வைத்தான் அப்படித் திரித்துச் சொல்கிறார்கள். 56,048 பேரைப் பல்லாண்டுகள் கவனித்ததில், ஃபிளேவனாய்டு அதிகம் சாப்பிட்டவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது. புகைபிடிப்பவர்களிடமும் அதிகம் குடிப்பவர்களிடமும் அந்தத் தொடர்பு இன்னும் தெளிவாக இருந்தது. இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான். குலுக்கிப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது இல்லை. காய்கறி சாப்பிடும் புகையாளியைக் காய்கறி சாப்பிடாத புகையாளியோடு ஒப்பிட்டது. அவன் புகையாளியாகவே இருக்கிறான். நிறுத்திவிடுவதால் கிடைக்கும் நன்மையோடு எந்தக் கீரையும் போட்டி போட முடியாது.

இத்தனை சொன்ன பிறகும், "நம்பிக்கையாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே, என்ன கெடுதல்?" என்று நல்ல மனசோடு கேட்பவர்கள் உண்டு. கெடுதல் இருக்கிறது. உணவாகச் சாப்பிடும்போது இல்லை, சாறாகவும் மாத்திரையாகவும் இறக்கும்போது இருக்கிறது. பச்சைத் தேயிலைச் சாற்றின் கேட்டச்சின் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரலுக்குப் பாதிப்பின் அறிகுறி தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. அதே பொருள், எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குக் கொடுக்கும் போர்டெசோமிப் என்ற மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுப்பதை 2009-ல் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் கண்டார்கள். மார்பகப் புற்றுக்கான டாமாக்ஸிஃபென் மருந்தை சோயாவின் ஜெனிஸ்டீன் எலிகளில் மழுங்கடித்தது. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அன்போடு பொடி வாங்கிக் கொடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்கிறார்கள். இது பயப்பட வேண்டிய அன்பு.

உடம்புக்கு வரும் கெடுதலைவிட மனசுக்கு வரும் கெடுதல் பெரிது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற கணத்திலேயே குற்றவாளி யாரென்று தீர்ப்பாகிவிடுகிறது. நோயாளி தன்னை நொந்துகொள்கிறார். சமைத்துப் போட்டவள் இன்னும் நொந்துகொள்கிறாள். முப்பது வருஷம் ஷிஃப்ட் மாறி மாறிப் பாறைத் தூசியைச் சுவாசித்தவரின் மனைவி, "நான் கொஞ்சம் கீரை அதிகம் போட்டிருக்கணும்" என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகைக்குக் காரணமான ஒவ்வொரு கட்டுரையின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அவளுக்குச் சேர வேண்டியது இழப்பீடு. நாம் கொடுத்தது குற்ற உணர்ச்சி.

இழப்பீடு என்று சும்மா சொல்லவில்லை. சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்நோய். கல்குவாரித் தொழிலாளிகள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக ராஜஸ்தான் அரசு 2019-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது: நோய் உறுதியானால் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். அங்கே யாரும் கம்புக்களி போதாததால் நோய் வந்தது என்று சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை.

சரி, புற்றை எதுதான் குறைக்கிறது? பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-த்தில் தொடங்கி, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். சாதாரண காடிதான் அது. கெட்ட இடம் இருந்தால் ஒரு நிமிஷத்தில் வெளுத்துக் காட்டும். காட்டினால் அங்கேயே சிகிச்சை. ஏழே ஆண்டில் அந்தப் புற்று வருவது 25 விழுக்காடும், அதனால் சாவது 35 விழுக்காடும் குறைந்தது. திருவனந்தபுரத்தில் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது. 2005-ல் முடிவு வெளியானது. உலகத்தின் எந்தப் பழத்துக்கும் எந்தக் கீரைக்கும் குலுக்கல் சோதனையில் இப்படி ஒரு எண் கிடைத்ததில்லை. கருப்பை வாய்ப் புற்றுக்குத் தடுப்பூசியே இருக்கிறது. இந்தியாவில் தயாராகும் செர்வாவாக்குக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது.

செடியிலிருந்து புற்றுக்கு மருந்து கிடைப்பதே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழந்தைகளின் ரத்தப் புற்றைக் குணமாக்கும் வின்கிறிஸ்டின் நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான். ஆனால் அது விஷம். மில்லிகிராமில் அளந்து ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். நித்தியகல்யாணி இலையைக் கடைந்து யாரும் சாப்பிடுவதில்லை. மருந்தும் உணவும் ஒன்றே என்று மயங்குகிறவர்கள் இரண்டையுமே அவமதிக்கிறார்கள்.

கேழ்வரகு சாப்பிடுங்கள். தவிட்டோடு சாப்பிடுங்கள், முழுத் தானியத்தின் நார்ச்சத்து பெருங்குடல் புற்றைக் குறைக்கக்கூடும் என்பதற்கு ஃபிளேவனாய்டைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது. கீரை ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நல்லது, விலையும் குறைவு. இவ்வளவு போதும் கீரைக்கு. இதற்கு மேல் அதன் தலையில் சுமத்தாதீர்கள்.

இந்த விவாதத்துக்குத் தங்கவயலில் இப்போது ஓர் அவசரம் இருக்கிறது. சுரங்கம் விட்டுப்போன அரைத்த கழிவு 13 மேடுகளாக, ஆயிரம் ஏக்கருக்கு மேல், மூன்று கோடி டன்னைத் தாண்டிக் குவிந்திருக்கிறது. சயனைடு மேடு என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் சயனைடுக்குப் பயப்படுகிறார்கள். அது வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும் பொருள். சிதையாமல் கிடப்பது அரைத்த பாறை மாவு. கோடையில் காற்று எழும்பினால் கொடியில் காயும் துணியிலும் மூடாத தண்ணீர்க் குடத்திலும் படிகிறதே, அதுதான். அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு போட்ட திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. நூறு வருஷமாகக் கிடந்து இறுகிய மேட்டைத் தோண்டுவார்கள், லாரியில் ஏற்றுவார்கள், மறுபடி கரைப்பார்கள். வேலை வரும் என்று ஊர் சந்தோஷப்படுகிறது. வேலை வர வேண்டும்தான். அந்த வேலைக்குப் போகப்போகிறவர்கள் அந்தத் தாத்தாக்களின் பேரன்கள்.

ஆகவே மைசூர் மைன்ஸ், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை மக்களிடம் கேட்டுக்கொள்கிறேன். முதல் பொக்லைன் மேட்டில் ஏறுவதற்கு முன்னால் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். காற்றில் சிலிக்கா எவ்வளவு என்று யார் அளப்பார்கள், அந்தக் கணக்கை எந்தப் பலகையில் எழுதி ஒட்டுவார்கள்? மேட்டை நனைக்க நாளுக்கு எத்தனை முறை தண்ணீர் அடிப்பார்கள், கோலார் மாவட்டத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் சேரும் நாளிலும் வருஷா வருஷமும் நெஞ்சு எக்ஸ்ரே உண்டா? இன்றைக்கும் உயிரோடு இருமிக்கொண்டிருக்கும் பழைய சுரங்கத் தொழிலாளிகளுக்கு யார் பரிசோதனை செய்து சான்றிதழ் கொடுப்பார்கள்? முப்பது வயதைக் கடந்த எல்லோருக்கும் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது நடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நடக்காவிட்டால் சண்டை போடுங்கள். வீட்டில் புகையிலை அடக்குகிற அம்மா, பாட்டி யாராவது இருந்தால் இன்று ராத்திரியே டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் நாளை காலை பெங்களூர் ரயிலில் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்காவது நோய் என்று கேள்விப்பட்டால், என்ன சாப்பிட்டார் என்று இனிமேல் கேட்காதீர்கள். எங்கே வேலை பார்த்தார் என்று கேளுங்கள்.